முத்தலிப்பின் தனிச்சோறு

விடியுமுன்பே கரித்தூள் மூக்கில் ஏறிவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தில் யுத்தக் கப்பல்களுக்குப் பசி அடங்குவதே இல்லை. கரி ஏற்றிவந்த வத்தைப் படகிலிருந்து கப்பலுக்குப் போட்ட பலகையில் நிலக்கரிக் கூடையோடு ஏறினான் முத்தலிப். கண்ணிமை இரண்டும் வீங்கியிருந்தன.

"காக்கா, ராத்திரி கள்ளோ?" என்று மூத்தவனைச் சீண்டினான் கூடக் கரி சுமக்கும் அபூதாஹிர். எல்லோரும் சிரித்தார்கள். தொழுகை தவறாத மனுஷன், கூனிக்குறுகிப் போனான்.

உண்மையை எப்படிச் சொல்வான்? முதல்நாள்தான் டொக்டர் புயத்தில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்திருந்தார். "இரத்த அழுத்தம் கூடி உன்ர குண்டிக்காயை, அதான் சிறுநீரகத்தை, பழுதாக்கிப்போட்டுது. பழுதான குண்டிக்காய் அழுத்தத்தை இன்னும் ஏத்தும். இமை வீங்குறதும் அதாலதான். உப்புக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது." வருத்தக்காரன், நோயாளி என்று தெரிந்தால் முதலாளி அன்றே துரத்திவிடுவார். பிள்ளைகள் என்னத்தைத் தின்னும்?

பகலில் எல்லோரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றிக் குந்தினார்கள். முதலாளி கொடுப்பது சோறும் உப்புக் கருவாடும். முத்தலிப் மட்டும் மனைவி ஸல்ஹா உப்பில்லாமல் கட்டிக்கொடுத்த பொதியோடு விலகி உட்கார்ந்தான்.

"எங்களோட தின்ன வெட்கமோ? ஓ, பெரிய மனுஷன்!" என்றான் சம்பூர்க் குஞ்சித்தம்பி.

அந்தச் சொல் சுட்டது. எழுந்து வந்து கருவாட்டைப் பிசைந்து தின்றான். அந்தக் கிழமை முழுதும், நாள் தவறாமல் தின்றான். வெள்ளிக்கிழமை, பாதிப் பலகையில் மூச்சு முட்டிச் சரிந்தான்.

கிடத்தி இடுப்புச் சாரத்தை விலக்கினால் கால்கள் வீங்கிப் பளபளத்தன. அபூதாஹிர் விரலை வைத்தான். விழுந்த குழி மேலெழவில்லை. முத்தலிப் திக்கித்திக்கி எல்லாவற்றையும் சொன்னான். அபூதாஹிருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சீ, தாங்களும் கூட்டாளிகளா!

முதலாளி வந்தார். "நான் என்ன ஆஸ்பத்திரியோ நடத்துறன்? ஏலாதவனை வீட்ட போகச் சொல்லு."

"கூடை கட்டுற வேலை குடுங்க, இருந்து செய்வார்," என்றான் அபூதாஹிர். "கருவாட்டையும் நிப்பாட்டுங்க. கடலுக்குப் பக்கத்தில பச்சை மீனுக்குப் பஞ்சமோ?"

"யுத்த நேரம்! வெள்ளைக்காரன் பிடிச்சு மறியல் சிறையில போடுவான்!"

"போடட்டும். பிறகு கரியை நீங்க தூக்குங்க, முதலாளி."

கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள். பக்கத்து வத்தைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கப்பல் ஊதியது. முதலாளி காவல்காரரைக் கூப்பிட ஓடினார்.

"எனக்காக வேணாம் தம்பிமாரே, வெட்கமாக் கிடக்கு," என்றான் முத்தலிப்.

"வெட்கம் எங்களுக்குத்தான் காக்கா." குஞ்சித்தம்பி தன் கூடையைக் கிட்ட இழுத்துப் போட்டான். "முதலாளிக்கு ஒளிச்சீங்க, சரி. எங்களுக்கும் ஒளிக்க வெச்சிட்டமே!"

முத்தலிப்பை நடுவில் இருத்திக்கொண்டார்கள். காவல்காரரின் சப்பாத்துச் சத்தம் நெருங்கியது. ஒருவரும் எழும்பவில்லை.