சோளக்காட்டில் காயப்போட்ட பாட்டு

இந்தக் காலத்து ஆட்கள் ஒரு பொருளைக் கழிப்பதென்றால் அது யாருடையது என்று கேட்பதில்லை. கண்ணை விட்டு மறைந்தால் போதும், அடுத்தவன் தலையில் கட்ட முடிந்தால் இன்னும் சந்தோஷம். அப்படிக் கேட்காமல் கழித்ததால்தான் போன வருசம் ஆடி மாதம் ஆமத்தூரில் சிவபாண்டியின் மக்காச்சோளக் காடு பாட ஆரம்பித்தது. கரண்டு கிடையாது, ஒயர் கிடையாது. வெயில் ஏறினால் பாடும், மேகம் மூடினால் நிற்கும். என் காடு அவன் காட்டுக்குத் தென்புறம். வரப்பு நெடுக ஒயர் தேடிப் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

சிவபாண்டி விருதுநகரில் ரயில்வே ஸ்டேசன் போகிற வழியில் பாட்டுக்கடை வைத்திருந்தான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து எதுவானாலும் ஆட்கள் வந்து வேண்டிய பாட்டைச் சொல்வார்கள், இவன் சிடியில் ஏற்றிக் கொடுப்பான். ஆட்டோவில் கட்டி ஊர் ஊராகப் போடுகிற அறிவிப்புகளையும் மைக்கில் தானே பேசிப் பதிந்து கொடுப்பான். செல்போன் வந்தது, கடை படுத்தது. விற்காத சிடி, ஆள் வந்து வாங்காத சிடி, தப்பாகப் பதிந்த சிடி எல்லாவற்றையும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து ஓர் அறையை அடைத்தான். பிறகு மகன் விக்னேஷ்குமாருக்குக் கல்யாணம் ஆனது, மனைவி பாண்டிலட்சுமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், பாட்டுப் பெட்டியின் வயிற்றை எலி தின்றது. மூட்டைகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. இரும்புக் கடைக்காரனே வேண்டாம் என்று சொன்ன குப்பை. சிவபாண்டி ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. ஏனென்றால் அவற்றில் ஏதோ ஒன்றில் பாண்டிலட்சுமி இருந்தாள்.

அது நடந்தது இப்படி. ஒரு கல்யாண வீட்டுக்காக அவன் மைக்கில் ‘வருக வருக’ என்று பேசிக்கொண்டிருக்கும்போது, ஊரிலிருந்து பஸ்ஸில் தூக்குவாளியோடு வந்தவள், அவன் சாப்பிட எழுந்திருக்காத ஆத்திரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்திவிட்டாள். கத்தினது பதிந்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு வேறு சிடி போட்டுக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போனதை மேலே ஒன்றும் எழுதாமல் குவியலில் எறிந்தான். அவள் உயிரோடு இருந்தவரை தினமும் கேட்ட கத்தல்தான். செத்த பிறகு வீட்டில் அவள் குரல் வேறு எதிலும் இல்லை. சிடியைப் போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. இப்போது வருகிற கம்ப்யூட்டரில் அதற்கு வாயே இல்லை என்று மகன் கையை விரித்தான்.

மருமகள் அருணாதேவி கைப்பிள்ளையோடு தாய்வீட்டிலிருந்து திரும்பினாள். தொட்டில் கட்ட அந்த அறை வேண்டும். காட்டிலோ சோளம் பால் பிடிக்கிற நேரம், மயில் கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. மயிலை விரட்டப் பழைய சிடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். சிவபாண்டி மல்லாங்கிணறுக்கு ஒரு துட்டி வீட்டில் துக்கம் கேட்கப் போன அன்று புருசனும் பெண்டாட்டியுமாக மூட்டைகளை அவிழ்த்துக் காடு முழுக்கக் கட்டிவிட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது அறையில் தொட்டில் ஆடியது. பிள்ளை தூங்கியதால் அவனால் சத்தம் போடவும் முடியவில்லை.

“ஏத்தா, எல்லாத்தையுமா கட்டுன?” என்று மெதுவாகக் கேட்டான்.

“ஒண்ணு விடல மாமா. இனி ஒரு மயிலு எட்டிப் பாக்காது, பாருங்க.”

மறுநாள் வெயில் பட்டதும் சிடிகள் பாடின. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாயனம், சாமிப் பாட்டு, சடங்கு வீட்டுப் பாட்டு, சந்தைக்கடை மாதிரி. மயில்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கேட்டன, உள்ளே இறங்கவில்லை. மேகம் மறைத்துப் பாட்டு நின்றால் இறங்கித் தின்றன. சிவபாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சிடியிடமும் காதை வைத்து நின்றான். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும், பாட்டு மாறிவிடும், இவன் முதலிலிருந்து தொடங்குவான்.

“ஏலே, செல்போனை எங்கன ஒளிச்சு வச்சிருக்க?” என்று நான் கேட்டேன்.

“சும்மா இருங்கண்ணே. எங்கனயோ இருக்கா. இந்த இரைச்சல்ல தட்டுப்பட மாட்டேங்கிறா.”

அவன் காட்டுக்கு வடபுறம் சீனிவாசகத்தின் பட்டாசுக் கம்பெனி. தீபாவளி ஆர்டருக்கு வெடிகளை மேடையில் வெயிலுக்குப் பரப்பியிருந்த சமயம். அங்கே செல்போன் ஆகாது, செருப்பு ஆகாது, இரும்பு ஆகாது. இப்போது வேலியைத் தாண்டிச் சிடி வெளிச்சம் வட்ட வட்டமாக வந்து வெடிகளின் மேல் ஊர்ந்தது. போட்டிக் கம்பெனிக்காரன் சிவபாண்டியைக் கைக்குள் போட்டுக்கொண்டான் என்று சீனிவாசகத்துக்குச் சந்தேகம். போர்மேன் தனுஷ்கோடியை அனுப்பினார்.

“அண்ணாச்சி, அந்த வெளிச்சத்தைத் திருப்பி விடுங்க. முதலாளி என்னைய வையுறாரு.”

அருணாதேவிதான் பதில் சொன்னாள். “முதல்ல சூரியனைத் திருப்பச் சொல்லுங்க. பெறகு நாங்க சிடியைத் திருப்புறோம்.”

தீ ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் நாளாக நாளாகப் பாட்டு தேய்ந்தது. ஆவணியில் கதிர் ஒடிக்கும்போது காடு ஊமையாக இருந்தது. சிடிகள் எல்லாம் வெளுத்து, மூக்குக்கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. சிவபாண்டிக்கு அவள் கிடைக்கவில்லை. அந்த வாரம் தனுஷ்கோடி மறுபடி வந்தான், முகம் பேயறைந்த மாதிரி.

“சாம்பிள் கொளுத்திப் பாத்தோம் அண்ணாச்சி. வெடிக்கல. நாயனம் வாசிக்குது.”

சிடியை விட்டுப் போன பாட்டெல்லாம் வெளிச்சத்தோடு வெடிக்குள் ஏறியிருக்கிறது என்று சிவபாண்டிக்கு உடனே விளங்கிவிட்டது. துண்டைக்கூட எடுக்காமல் கம்பெனிக்கு ஓடினான். லோடு ஏறி லாரிகள் வடக்கே போய்விட்டிருந்தன. அவன் கேட்டிலேயே உட்கார்ந்தான். மருந்தில் எவனோ கலப்படம் செய்துவிட்டான் என்று சீனிவாசகம் உள்ளே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மிரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் வடக்கேயிருந்து போன் வந்தது. கல்யாண ஊர்வலங்களில் வெடி பாடுகிறதாம், பாசை புரியாவிட்டாலும் சனங்கள் ஆடுகிறார்களாம், இன்னும் அனுப்பு என்றார்களாம். அத்தோடு அவர் சந்தேகம் தீர்ந்தது. கம்பெனிக்காரன் ஏதோ புது அயிட்டம் போட்டுவிட்டு ஊரை ஏமாற்றுகிறான் என்று எனக்குச் சந்தேகம் பிடித்தது அப்போதுதான்.

பக்கத்துக் காட்டுக்காரர்கள் மனு கினு எழுதிப் போட்டுவிடக் கூடாது என்று கம்பெனியில் வருசாவருசம் ஆளுக்கொரு பட்டாசுப் பெட்டி கொடுப்பார்கள். சிவபாண்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று வந்தது. சும்மா வருகிற பொருளை நான் வீட்டில் வைப்பதில்லை. தீபாவளியன்று காலையில் என் பெட்டியைக் கொண்டுபோய் அவன் கையில் திணித்தேன். அதற்குள் அவன் எண்ணெய்த் தலையோடு தன் பெட்டியைக் கொளுத்தி முடித்திருந்தான். தெரு முழுக்கச் சாமிப் பாட்டும் உறுமிச் சத்தமும் கேட்டு ஓய்ந்திருந்தது. அருணாதேவி வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு, “போதும் மாமா, வந்து ரெண்டு இட்லி சாப்பிடுங்க” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள். காதில் வாங்காமல் என் பெட்டியைப் பிரித்தான். ஒவ்வொன்றாகக் கொளுத்தி, ஒவ்வொன்றுக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டான். கடைசியில் நூல் சுற்றிய அணுகுண்டு ஒன்றுதான் மிச்சம். அதைத் தெரு நடுவில் வைத்துத் திரியைக் கிள்ளிப் பற்றவைத்தான்.

புகை வந்தது. புகைக்குள்ளிருந்து அவன் குரலே, இளவயதுக் குரல், “வருக வருக என இருகரம் கூப்பி” என்று தொடங்கியது. கதவு தள்ளுகிற சத்தம். அப்புறம் பாண்டிலட்சுமி, தெரு முழுக்கக் கேட்க: “சோறு ஆறிப்போச்சு, வாரீகளா, நாய்க்குப் போடவா?”

“இந்தா, வந்துட்டேன்” என்றான் சிவபாண்டி. கையிலிருந்த ஊதுபத்தியைக் கீழே போட்டான். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் மணையில் உட்கார்ந்தான். அருணாதேவி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இலையைப் போட்டு இட்லி வைத்தாள். எதிர்வீட்டுக்காரர்கள், பாண்டிலட்சுமி குரல் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் பலகாரத்தைப் பார்க்கப் போனார்கள்.

நான் போகவில்லை. கருகிய பேப்பரைக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன், மருந்து வாடைதான். வேப்பமரத்தில் ஸ்பீக்கர் ஏதும் கட்டியிருக்கிறார்களா என்று அண்ணாந்து பார்த்தேன், காக்கைக் கூடுதான் இருந்தது. அது என் பெட்டிக்குள் எப்படி வந்தது, அவன் பெட்டிக்குள் ஏன் போகவில்லை என்று தனுஷ்கோடியிடம்தான் கேட்க வேண்டும். உள்ளே அவன் இன்னும் ரெண்டு வை என்று கேட்பது காதில் விழுந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தேன். அடுத்த வருசம் பெட்டி வந்தால், நானே முதலில் ஒன்றைக் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை யாருக்கும் கொடுப்பதாக இருக்கிறேன்.