வெறும் வயிறும் ஒரு நத்தையும்

மராக்கேஷின் பழைய நகரத்தில், மாலை வேளைகளில் வெளியூர்க்காரர்களைச் சந்து சந்தாகக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைப்பது என் தொழில். பதினொரு வருடமாகச் செய்கிறேன். இந்தத் தொழிலில் யாரும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. எந்தக் கடையில் நின்றாலும் முதல் வாய் வழிகாட்டியுடையது. நான் மென்று விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்கள் கை தட்டுக்குப் போகும். கடைக்காரர்களும் விடமாட்டார்கள், எனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் தொங்கிப்போகும். ஆகவே எட்டுக் கடை சுற்றி ஒன்பது மணிக்கு வீடு திரும்பும்போது, என் வயிற்றில் தண்ணீர் குடிக்கக்கூட இடம் இருக்காது.

என் மனைவி கல்தூம் அமிஸ்மிஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனதற்கு இதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. போகிற அன்று வாசலில் நின்று சொன்னாள்:

"ஊர்ல இருக்கிற அத்தனை பேர் கையாலயும் தின்னுட்டு வர்றே. என் கையால மட்டும் ஆகாது. நான் ஆக்கி மூடி வெச்சது தினம் காலையில மாடிக் கோழிக்குப் போகுது. கோழி நல்லா கொழுத்திருக்கு மஹ்ஜூப், அது கூடவே குடும்பம் நடத்து."

பத்தொன்பது நாள் கோழியோடுதான் இருந்தேன். இருபதாம் நாள், ஒரு வியாழக்கிழமை, நடுப்பகல் பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஆனால் கொண்டுவந்த பையைத் திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்த்து வைத்தாள்.

"லீவு போட்டுடறேன்" என்றேன் அவசரமாக.

"வேண்டாம். அது ஒருநாள் கூத்து. வேலைக்குப் போ, சுத்திக் காட்டு, எட்டுக் கடையும் ஏறி இறங்கு. ஆனா வெறும் வயித்தோட வா. ர்ஃபீஸா பண்றேன். ரெண்டு பேரும் ஒரே தட்டுல உக்காருவோம். நாலு வாய் தின்னுட்டு நீ 'போதும்'னு சொன்னா, பை அங்கேயே இருக்கு. காலைல ஆறரைக்கு முதல் பஸ்."

மெல்லிய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் கோழியும் பருப்பும் வெந்தயமும் வெந்த குழம்பை ஊற்றுவது ர்ஃபீஸா. அவள் கையில் அது தனி. முளைகட்டிய வெந்தயத்தை அமிஸ்மிஸிலிருந்தே துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பையைப் பார்த்ததும் போய்விட்டது.

அன்று வந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நல்லவர்கள். ஆறாவது வில்மா, நெதர்லாந்துக்காரி, ஓய்வு பெற்ற நர்ஸ், என்னைவிட ஒரு சாண் உயரம். சந்தித்த உடனே சொல்லிவிட்டாள்:

"போன வருஷம் வேற ஊர்ல ஒரு கிண்ணம் சூப் குடிச்சேன். ஆறு நாள் படுக்கை. அதனால நீங்க சாப்பிடறதை மட்டும்தான் நான் சாப்பிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் சிரித்தேன். வயிறு சிரிக்கவில்லை. அதை மத்தியானமும் பட்டினி போட்டிருந்தேன்.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடிந்து விளக்குகள் ஏறிய நேரம் நடக்கத் தொடங்கினோம். முதல் நிறுத்தம் ஒலிவ் கடைகள். பச்சை, கறுப்பு, ஊதா என்று குன்று குன்றாகக் குவித்திருந்தார்கள். நான் ஒரு ஒலிவை எடுத்து வாயருகே கொண்டுபோய், கன்னத்தைக் குதப்பி, தலையைச் சொறிவதுபோல் கையைப் பின்னால் விட்டேன். எங்கள் ஜெலாபா அங்கியின் தலைமூடி முதுகில் பைபோலத் தொங்கும். சந்தைக்குப் போகிறவர்கள் அதில் வெங்காயம்கூடப் போட்டு வருவார்கள். ஒலிவ் அதற்குள் விழுந்தது. வில்மா திருப்தியாகத் தலையாட்டி, தானும் ஒன்று எடுத்தாள்.

இவ்வளவு எளிதா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடை லல்லா யாமினாவுடையது. கல்லில் வெண்ணெய் போட்டு மடித்து மடித்துச் சுடுகிற மஸமன் ரொட்டி. என்னைக் கண்டதும் எப்போதும்போல ஓரம் முறுகிய ஒன்றைத் தேன் தடவி நீட்டினாள். வாங்கிக்கொண்டு, சந்தின் வளைவில் இருந்த பழைய நீர்த்தொட்டியைக் காட்டி ஒரு கதை சொன்னேன். ஆறு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. ரொட்டி தலைமூடிக்குள் போனது. மூன்றாவது கடையில் பொரித்த மத்தி மீன் உருண்டை. அதுவும் அவ்வழியே போனது.

நான்காவது கடைக்குப் போகும் வழியில், தாமிரப் பாத்திரம் தட்டுகிறவர்களின் சந்தில், வில்மா என் தோளைத் தொட்டாள்.

"மன்னிக்கணும். உங்க முதுகுல எண்ணெய் ஒழுகுது."

உயரமானவர்களைப் பின்னால் நடக்கவிடக் கூடாது. தலைமூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இதுல ஒரு ரொட்டி இருக்கு" என்றாள், காயத்துக்குள் துணி விட்டுவிட்ட டாக்டரைப் பார்க்கிற நர்ஸின் குரலில். "மீனும் இருக்கு. நாங்க தின்னோம். நீங்க தின்னலை. ஏன்?"

ஆறு பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வழிகாட்டி சாப்பிடாத உணவு என்றால் என்ன அர்த்தம்? நாளைக்கே ஊர் முழுவதும் போய்விடும். யாமினாவின் பெயரும் சேர்ந்து கெடும். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஆறு பேரிடம் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன கதையை எந்த ஆண் சொல்லுவான்?

"பல்வலி" என்றேன்.

வில்மாவின் முகம் உடனே இளகியது. "அடப்பாவமே. இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

தப்பித்தேன் என்று மூச்சு விட்டது அவசரப்பட்ட காரியம். நான்காவது நிறுத்தம் பெரிய சதுக்கத்தில் பூஜ்மாவின் நத்தை வண்டி. பதினைந்து மசாலா போட்டுக் கொதிக்கும் சூப்பின் ஆவியில் அவன் மூஞ்சி எப்போதும் வியர்த்திருக்கும். அவன் மனைவியும் கல்தூமும் ஒரே குளியல் கூடத்துக்குப் போகிறவர்கள், ஒருத்தி காதில் விழுவது மற்றவள் காதுக்கும் போய்விடும்.

"வாடா மாப்பிள்ளை! இந்தா, உன் கிண்ணம்."

"இன்னிக்கு வேண்டாம் பூஜ்மா. பல்வலி."

"பல்வலியா? நத்தைக்கு எதுக்குடா பல்லு? அதுவே வழுக்கிக்கிட்டுப் போகும்." என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சதுக்கத்தின் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினான்: "ஹாஜ் மெக்கி! ஓடி வாங்க! கிராக்கி!"

ஹாஜ் மெக்கி சதுக்கத்தில் பல் பிடுங்குகிறவர். அறுபது வருடமாகப் பிடுங்கிய பற்களை ஒரு மேசையில் குவித்து வைத்து, அதன் பின்னால் குடை விரித்து உட்கார்ந்திருப்பார். புகைப்படம் எடுக்கத்தான் இப்போதெல்லாம் ஆள் வருகிறது. நிஜமான பல் ஒன்று கிடைத்தது என்றதும் எண்பது வயதை மறந்து, குறடும் கையுமாக ஓடிவந்தார்.

"எந்தப் பக்கம் மகனே?"

"இல்லை ஹாஜ், இப்போ பரவாயில்லை…"

"பயத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வாயைத் தொற."

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாம்பாட்டிக்குக்கூட அன்று அவ்வளவு கூட்டம் இல்லை. வில்மா கைபேசி விளக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஹாஜ் குறடின் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். மேல் வரிசை முடித்து, கீழ் வரிசை முடித்து, நிமிர்ந்தார்.

"ஒட்டகத்துக்குக்கூட இப்படிப் பல்லு கெடையாது. இந்த வாயில புடுங்க வேண்டியது நாக்கு மட்டும்தான். பொய் சொல்லியிருக்கு."

கூட்டம் சிரித்தது. நான் வாயை மூடுவதற்குள், பூஜ்மா ஊசியால் ஒரு நத்தையைக் கூட்டிலிருந்து நோண்டி எடுத்து, நேராக உள்ளே போட்டான்.

"இந்தா, மருந்து!"

அவன் சொன்னதுபோலவே அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

நின்ற இடத்திலேயே என் முகம் மாறியிருக்க வேண்டும். பூஜ்மாவின் சிரிப்பு நின்றது. "டேய், என்னடா ஆச்சு? உனக்குப் பிடிச்ச நத்தைதானே?"

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. வில்மாவிடம் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். பூஜ்மாவுக்கும் ஹாஜுக்கும் அது புரியும். பத்தொன்பது நாள், கோழி, கதவோரப் பை, வெந்தயம், ஆறரை மணி பஸ், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன். "இப்போ ஒரு நத்தை உள்ளே போயிடுச்சு" என்று நிறுத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஹாஜ் மெக்கி குறடைச் சட்டைப் பையில் வைத்தார். "முன்னாடியே சொல்றதுக்கு என்னடா? நான் மூணு கல்யாணம் பண்ணவன். பல்லு புடுங்கறது அதைவிடச் சுலபம்."

வில்மா கைபேசி விளக்கை அணைத்தாள்.

"முப்பத்தொரு வருஷம் நைட் டூட்டி பார்த்தேன்" என்றாள் பிறகு. "ஆஸ்பத்திரி கேன்டீன்லயே தின்னுட்டு வீட்டுக்குப் போவேன். என் வீட்டுக்காரர் தட்டை மூடி வெச்சிருப்பார். ஒருநாள் மூடி வைக்கறதை நிறுத்திட்டார். நான் அதைக் கவனிக்கவே ஒரு வாரம் ஆச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பூஜ்மாவின் கையிலிருந்த என் கிண்ணத்தை வாங்கி, ஊசியால் ஒரு நத்தையை எடுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மென்றாள். ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று மற்ற ஐந்து பேரிடமும் அறிவித்தாள். "மீதிக் கடையில முதல் வாய் என்னுது. நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

மீதி நான்கு கடையிலும் அப்படித்தான் நடந்தது. அவித்த கொண்டைக்கடலை, ஆட்டுத்தலை, ஹரீரா கஞ்சி, எதற்கும் அவள் பின்வாங்கவில்லை. கடைசி நிறுத்தம்தான் எனக்குச் சோதனை. ஜீலாலியின் கடையில், குளியல் கூடத்து அடுப்புச் சாம்பலில் காலையிலிருந்து புதைந்து கிடந்த மண்குடத்தைத் திறந்து கவிழ்த்தார்கள். ஊறுகாய் எலுமிச்சையும் சீரகமும் ஆட்டிறைச்சியும் சேர்ந்த அந்த வாசனைக்கு என் கால் தானாகவே ஒரு அடி முன்னால் போனது. ஜீலாலி கரண்டியை எடுத்தான். என் பக்கம் பார்த்தான். பிறகு எனக்கு ஒரு முக்காலி மட்டும் போட்டான், அதுவும் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற மூலையில். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே நடந்து வந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

அவர்களை விடுதி வாசலில் விட்டபோது வில்மா, "ஓடுங்க" என்றாள்.

என் வீடு இருக்கும் பாப் துக்காலா வரைக்கும் ஓடினேன். ஓடும்போது கணக்குப் போட்டேன். ஒரு நத்தை வயிற்றை அடைக்காது. அதைச் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. பூஜ்மா காட்டிக்கொடுக்க மாட்டான். ஆனால் வெறும் வயிற்றோடு வா என்றுதான் கல்தூம் கேட்டிருந்தாள். வீடு வரும் வரைக்கும் இதற்கு முடிவு தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். பை அங்கேயே இருந்தது. வெந்தயக் குழம்பின் வாசனை கூடம் முழுக்க நின்றது. கல்தூம் பெரிய தட்டைத் தாழ்வான மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சா? உக்காரு."

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஒரு நத்தை உள்ளே போயிடுச்சு. நானா போடலை. ஆனா போயிடுச்சு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு."

என்னையே பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்தாள். அப்படியும் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கத் தொடங்கியது.

"பூஜ்மா போன் பண்ணினான். 'அல்லா மேல ஆணையா, உன் புருஷன் இன்னிக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை'ன்னான். அப்புறம் அவன் பொண்டாட்டி. அப்புறம் ஜீலாலி. யாமினா அழுதேவிட்டா, ரொட்டியைத் தலைமூடிக்குள்ள போட்டானாமேன்னு. கடைசியா அந்தப் பல்லுக்காரக் கிழவர், 'மகளே, வாய் முழுக்கப் பார்த்தேன், ஒரு பருக்கை இல்லை'ன்னு. அத்தனை பேரும் சத்தியம் பண்ணாங்க. ஒருத்தர்கூட நத்தையைப் பத்தி மூச்சு விடலை."

"அப்போ நானும் அதைச் சொல்லாம விட்டிருந்தா…" என்று ஏதோ உளறினேன்.

"திரும்பு" என்றாள். என் தலைமூடிக்குள் கையை விட்டு ரொட்டியை எடுத்தாள், நசுங்கிய மீன் உருண்டையை எடுத்தாள், கடைசியில் அடியில் கிடந்த ஒலிவை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "மீதி மாடிக் கோழிக்கு. உக்காரு, ஆறுது."

உட்கார்ந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்தாள். என் பக்கத்துக் குழம்பு தீரத்தீர, தன் பக்கத்துக் கோழியைப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். போதும் என்ற சொல் எனக்குத் தட்டின் அடி தெரிகிற வரைக்கும் வரவில்லை. தெரிந்த பிறகும் சட்டியில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

சட்டியை எடுக்க எழுந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்தப் பையை எடுத்து உள்ள வை. போறப்ப வரப்ப காலைத் தட்டுது."

அலமாரியின் உச்சியில் வைத்தேன். முக்காலி போட்டு ஏறித்தான் வைக்க வேண்டியிருந்தது. வைத்துவிட்டு, சுவரோரமாக இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.