பதினோரு பழைய பாட்டு, ஒரு புதுப் பாட்டு

ஹிட்ஸ் தொகுப்பு என்றால் அதில் ஒரு புதுப் பாட்டாவது இருக்க வேண்டும் என்பது ராக் உலகத்தில் எழுதப்படாத சட்டம். வெறும் பழைய பாட்டாக அடுக்கி வெளியிட்டால், ஆளுக்குப் பால் ஊற்றியாயிற்று என்று ரசிகர்கள் நினைத்துக்கொள்வார்களாம். இசைக் கம்பெனிக்காரன் யஷ்வந்த் இதைச் சொன்னபோது சண்முகப்பிரியா சிரித்தாள். சத்தம் வரவில்லை. தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து நான்கு வருடமாகிறது. கட்டியோடு குரலும் போயிற்று. மிச்சம் இருப்பது வெறும் காற்றுப் பேச்சு. குக்கர் விசிலடித்தால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது.

அதற்கு முன்னால் கிடாரை மாட்டிக்கொண்டு தனி ஆளாக மேடையேறியவள். ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் என்னவென்று அம்மா அன்புக்கரசிக்குத் தெரியாது. கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பாடுவாளா என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம், "எம்புள்ள அவளே எழுதி அவளே பாடறவளுங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். கோயமுத்தூர்க் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு அவற்றை வெளியிட்ட சின்னக் கம்பெனி கடையைக் கட்டியது. உரிமைத் தகராறில் பாட்டுகள் ஒவ்வொன்றாக நெட்டிலிருந்து காணாமல் போயின. இப்போது அவள் பெயரைத் தேடினால் வீட்டில் மைசூர்பாக் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் வேறொரு சண்முகப்பிரியா வருகிறாள். குரல் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். பாடியதே இல்லை என்று ஆகிப்போவதுதான் அவளைத் தின்றது.

அந்த உரிமைகள் இப்போது யஷ்வந்திடம் இருந்தன. தொகுப்பு வந்தால் பாட்டுகள் திரும்பி வரும். புதுப் பாட்டு இல்லையென்றால் தொகுப்பு இல்லை.

"நீங்க வரியும் மெட்டும் மட்டும் குடுங்க போதும். உங்க பழைய ரெக்கார்டிங் பூராத்தையும் ஏஐ-க்குக் குடுத்தா, உங்க குரல்லயே பாடிப்போடுமுங்க."

எழுதினாள். மெட்டைக் கிடாரில் வாசித்து அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு வந்தது. போனைக் கூடத்து மேசைமேல் வைத்து ஓடவிட்டாள்.

அவளேதான். வரி முடியும் இடத்தில் ஒரு நொடி தயங்கி, பிறகு சொல்லைத் தள்ளிவிடும் அந்தப் பழக்கம் உட்பட அவளேதான். அவள் வாய் மூடியிருந்தது. எதிரில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அன்புக்கரசி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "கண்ணு! தொண்ட தொறந்துருச்சா?"

மகளின் உதட்டைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். விஷயம் புரிந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனாலும் முகத்தில் ஒரு சந்தோஷம் தங்கியிருந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் மேலே ஏறி, உச்சியில் லேசாகக் கரகரத்து உடைந்தது. அந்தச் சந்தோஷமும் அதோடு போயிற்று.

"நிறுத்து கண்ணு. அந்தக் கரகரப்பு இது. கட்டி இருந்தப்ப வந்தது."

அம்மா சொன்னது சரி. கடைசி ஆல்பம் முழுவதும் கட்டி வளர்ந்துகொண்டிருந்த தொண்டையில் பாடியது. அப்போது யாருக்கும் அது தெரியாது. என்னமா வலி இருக்கு அந்தக் குரலில் என்று ஊரே உருகியது, பெரிய ஹிட்டுகள் எல்லாமே அதில்தான். இயந்திரம் அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. டாக்டர்கள் வெட்டி எறிந்த கட்டி செத்துப்போகவில்லை, அவள் எழுதிய புதுப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. சண்முகப்பிரியா கழுத்துத் தழும்பைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கரகரப்பை எடுத்துவிடச் சொல்லி யஷ்வந்துக்கு எழுதினாள். சாயங்காலமே சுத்தமான குரலில் வந்தது. நகைக்கடை விளம்பரத்துக்குப் பேசும் பெண்ணைப் போல் இருந்தது.

"இது யாரு கண்ணு?" என்றாள் அம்மா.

அவளுக்கும் தெரியவில்லை. ஊர் கொண்டாடியது தன்னையா, தொண்டைக்குள் இருந்ததையா என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அழுதால்கூடச் சத்தம் வராது என்பது எரிச்சலாக இருந்தது.

"வேண்டாம் அம்மணி," என்று அன்புக்கரசி கெஞ்சினாள். "போனது போகட்டும். அத எழுப்பிப் பாட வெக்காத."

பழைய பாட்டுகள் பதினொன்றும் கண்முன்னால் நின்றன. புதுப் பாட்டுக்கு முதலில் வந்த கரகரத்த குரலையே போட்டுக்கொள்ளுங்கள் என்று யஷ்வந்துக்குச் செய்தி அனுப்பினாள்.

தொகுப்பு வந்தது. பாட்டுகள் திரும்பி வந்தன. எல்லாவற்றையும்விட அந்தப் புதுப் பாட்டுதான் ஓடியது. ஒரு நாள் துடியலூர் பேக்கரியில் அம்மாவும் மகளும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு கல்லூரிப் பெண் தோழிக்குப் போனில் அதைப் போட்டுக்காட்டினாள். "இந்த எடத்தக் கேளு. என்னமோ பண்ணுது பாரு."

குரல் கரகரத்து உடைந்தது. அன்புக்கரசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு ஒரு வைத்தியம் பாக்க முடியாதா கண்ணு?"

சண்முகப்பிரியா அம்மாவின் காதருகே குனிந்தாள். "எதுக்குங்கம்மா? கரகரப்பா இருக்கறதுதான் நல்லா இருக்குதுன்னு எல்லாருமே சொல்றாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் கரகரப்பைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா என்று அம்மா முதன்முதலாகக் கூப்பிட்ட அன்றும், குரல் போகாத அந்த நாளில், அவள் இதையேதான் சொல்லியிருந்தாள்.

அன்புக்கரசி டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தாள். அன்றைக்கும் அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. மகள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று விட்டுவிட்டாள்.