அலைப் பக்கத்துக்குப் போட்ட பூட்டு

இந்தக் காலத்தில் அறை தேடி வருகிறவன் வீட்டுக்காரன் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் நின்றுகொண்டே, நல்ல இடமா என்று போனைக் கேட்கிறான். எதிரே மலை மாதிரி நான் நிற்கிறேன், என்னைக் கேட்டால் என்ன?

அப்படிச் சொல்கிற நானும் அந்தப் போனுக்குள்தான் போய் விழுந்தேன். கோவளத்தில் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, அலைச்சறுக்கு பழக வருகிறவர்களுக்கு விடுகிறேன். இந்த சீசனும் காலியாகக் கிடந்தால் மீன் பெட்டி அடுக்கக் கொடுத்துவிடுவேன் என்று மகன் சொல்லிவிட்டான். அந்தப் பயத்தில் தம்பி மகள் பிரிசில்லாவை வெப்சைட் செய்யச் சொன்னேன். அலை நிலவரமும் அதில் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான். அவள் நடுவில் ஒரு கட்டம் போட்டு, வேறு எவனோ நடத்தும் அலைப் பக்கத்தை அதற்குள் ஓடவிட்டாள்.

சனிக்கிழமை ஒருவன் போன் செய்தான். "அங்கிள், உங்க பேஜத்தான் தொறந்தேன். புக் பண்ணி வந்து பாத்தா மாமல்லபுரத்துல வேற லாட்ஜு நிக்குது!"

பிரிசில்லாவைப் பிடித்தேன். "இன்னாம்மா, அந்த லாட்ஜுக்காரன்கிட்ட கமிஷன் வாங்கினியா?"

"அய்ய, இத்த பாரு பெரிப்பா."

போனில் எங்கள் பக்கம் திறந்தது. கண் சிமிட்டுவதற்குள் அலைப் பக்கம் கட்டத்தை விட்டு எகிறி, திரை முழுக்கப் பரவியது. அலைப் பக்கத்தை நடத்துகிறவனே அந்த லாட்ஜுக்காரன்; அதில் அவனுடைய அறைகள்.

"எவனாச்சும் கட்டத்துல அடைச்சா ஒடச்சிக்கினு வெளிய வரணும்னு எழுதி வச்சிக்கிறான். கேக்காம போட்டது நாமதான?"

"கடலு இன்னா அவன் அப்பன் வூட்டுதா?"

"ரூமுக்கும் வூட்டுக்கும் நடுக்கதவ நீ பூட்டி வைக்கறல்ல? அந்த மாதிரி கட்டத்துக்கு ஒரு பூட்டு போடறேன். அலைய ஓட்டற அவன் ஸ்கிரிப்ட் உள்ளவே ஓடும். வெளிய கீற நம்ம பக்கத்த மாத்த முடியாது."

"ஓடுமா? அத்தயும் சேத்து பூட்டு."

"வேணாம் பெரிப்பா."

"பூட்டுன்றேன்!"

பூட்டினாள். கட்டம் வெள்ளையாகக் கிடந்தது. திருடன் அடங்கிவிட்டான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள், இரண்டு அறையையும் கேட்டிருந்த செங்கல்பட்டுக் குடும்பம் கூப்பிட்டது. "கடலு உள்வாங்கிடுச்சாண்ணே? உங்க படத்துல அலையே காணோம். புள்ளைங்கள வச்சிக்கினு நாங்க வரல." வாசலில் கடல் இரைந்துகொண்டிருந்தது. அதையே பூட்டி வைத்த அறிவாளி நான்தான்.

பிரிசில்லாவிடம் ஓடினேன். உள்ளே ஓடுவதை மட்டும் திறந்துவிட்டாள். அலை ஓடியது; எங்கள் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. செங்கல்பட்டுக்காரர்களுக்குக் காட்டினாள். பஸ் ஏறிவிட்டோம் என்றார்கள்.

"இப்பனாச்சும் நம்பறியா?"

"இன்னிக்கி வெளிய வரல. அவ்ளோதான்."

"எங்க கெளம்பிட்ட?"

"பஸ் ஸ்டாப்புக்கு. நடுவுல எவனாச்சும் அவங்கள இட்டுகினு பூட்டான்னா?"

போனை அவள் கையில் கொடுத்தேன். போகிற போக்கில் நடுக்கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தேன்.