சுரங்கத்துக்குள் சொன்னது

டெய்லருக்குக் காது கேட்காமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. மனைவியைத் தவிர வேறு ஈ காக்கைக்கும் இது தெரியாது. கடைக்கு வருகிறவர்களை, அளவெடுக்கிற சாக்கில் எதிரே நிறுத்தி, உதட்டைப் படித்துச் சமாளித்துவிடுவார். சிநேகிதர்களான மருந்துக்கடைக்காரரிடமும் எலக்ட்ரீஷியனிடமும்தான் பெரும்பாடு. இரண்டு பேர் மாறி மாறிப் பேசினால் எந்த வாயைப் பார்ப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அவர்கள் சிரித்தால் தானும் சிரிப்பார். யாரும் சிரிக்காமல் தன்னையே பார்த்தால் முந்திக்கொண்டு சிரிப்பார். இப்படியே சிரித்த முகக்காரர் என்று பெயரும் வாங்கிவிட்டார். உண்மை தெரிந்தால் பாவம் பார்த்து ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். பள்ளிக்கூடத்து நட்பு அது. அதையும் விட்டால் அவருக்குத் தையல் மெஷின்தான் துணை.

பழைய நீராவி ரயிலில் ஒருநாள் போய்வரலாம் என்று மருந்துக்கடைக்காரர் மூன்று டிக்கெட் எடுத்தார். டெய்லர் வழக்கம்போல வயிற்றுவலி என்று நழுவப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் கடைக்கே வந்து, இந்தத் தடவை நீ வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

ரயில் கிளம்பியதும் டெய்லருக்கு அடித்தது யோகம். மரப்பெட்டி போட்ட ஆட்டத்திலும் எஞ்சின் போட்ட கூச்சலிலும் மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் காதில் ஒருவர் கத்தினார்கள்; என்ன, என்ன என்று கேட்டே அலுத்துப்போனார்கள். டெய்லர் மட்டும் பட்பட்டென்று பதில் சொன்னார். ஒருவர் சொன்னதை மற்றவருக்கு எடுத்துச் சொல்கிற வேலையையும் தானே ஏற்றுக்கொண்டார். உனக்குப் பாம்புக் காதடா என்று மருந்துக்கடைக்காரர் மெச்சியபோது மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது சுரங்கம் வந்தது. பெட்டியில் விளக்கு கிடையாது. அந்தக் காலத்து வண்டி அந்தக் காலம் மாதிரியே இருக்க வேண்டும் என்று நடத்துகிறவர்களுக்குப் பிடிவாதம். கன்னங்கரேலென்ற இருட்டில் ஒரு கை டெய்லரின் கழுத்தைச் சுற்றி இழுத்தது. விரல்களின் காய்ப்பை வைத்தே அது எலக்ட்ரீஷியன் என்று தெரிந்தது. இரண்டு சிநேகிதர்களின் தலைகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு அவர் என்னவோ சொன்னார். நீளமாகச் சொன்னார். மூச்சு கன்னத்தில் பட்டது. டெய்லருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

வெளிச்சம் வந்தது. இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. டெய்லர் முந்திக்கொண்டு சிரித்தார்.

எலக்ட்ரீஷியனுக்கு முகம் செத்துப்போயிற்று. கையை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீயெல்லாம் மனுஷனாடா?" என்றார் மருந்துக்கடைக்காரர். அந்த உதட்டைப் படிக்க ஒரு சிரமமும் இல்லை.

இப்போதும் டெய்லர் ஏதாவது சொல்லி மழுப்பலாம். மறைத்தே பழகிய வாய்தான். ஆனால் ஜன்னல் பக்கம் குறுகி உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. தோளைத் தொட்டுத் திருப்பி, காதில் வாய் வைத்துச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்காதுடா. ரெண்டு வருஷமா வாயைப் பாத்துத்தான் காலத்தை ஓட்டுறேன். இருட்டுல நீ என்ன சொன்னேன்னு சத்தியமா தெரியாது."

முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல்தான் எலக்ட்ரீஷியன் இருட்டுக்குக் காத்திருந்தார். இப்போது எழுந்து, எதிர் சீட்டில், வெயில் தன் முகத்தில் விழுகிற மாதிரி வந்து உட்கார்ந்தார். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"என் வீட்டுக்காரிக்கு என்னை யாருன்னே தெரியலைடா. கரண்டு வேலை பாக்க வந்த ஆளுன்னு நெனைக்கிறா. வேலை முடிஞ்சா கிளம்புங்கன்னு தெனமும் சொல்றா."

டெய்லருக்குக் கண் நிறைந்து அந்த உதடு கலங்கித் தெரிந்தது. அடுத்த வார்த்தை தப்பிவிடக் கூடாதே என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுடா," என்றார்.