பங்குனியில் வெண்ணாறு

நாற்பத்தோராம் அத்தியாயத்தில் நாயகி வெண்ணாற்றில் விழுந்தாள். பங்குனி மாதம். கரை தொட்டு ஓடும் வெள்ளம். நாயகன் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தான்.

கயல்விழியின் தொடர்கதை செவ்வாயும் வெள்ளியும் செயலியில் வரும். அவளுடைய வாசகிகள் இருநூற்று நாற்பது பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தார்கள். அன்று காலை குழு முழுக்க அழுகை.

அக்னஸும் அழுதாள். பிறகு எழுதினாள்: 'பங்குனியில் வெண்ணாற்றில் தண்ணீர் இருக்காது. தை நடுவிலேயே மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். ஐப்பசிக்கு மாற்றினால் சரியாக இருக்கும்.'

அவள் நீடாமங்கலத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். தினமும் வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பங்குனியில் ஆற்றுக்குள் ஆடு மேயும். அதைத்தான் சொன்னாள்.

முதல் பதில் கால் மணி நேரத்தில் வந்தது. 'அக்கா, என் கண்ணீரை என்னைக்குத் திறந்து விடுவீங்க?' அடுத்தது: 'முறை வச்சுத்தான் விடுவாங்க. இன்னைக்கு உன் முறை இல்ல.' மூன்றாவது: 'கடைமடைக்கு வருமா அக்கா?' மதியத்துக்குள் ஸ்டிக்கர் வந்துவிட்டது. வேளாங்கண்ணியில் மெழுகுவத்தியோடு அவள் எடுத்துக்கொண்ட படம். மெழுகுவத்தி இருந்த இடத்தில் மதகு ஷட்டரைத் திருகும் இரும்புப் பிடி. கீழே, லஸ்கர் அக்கா.

மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கும் ஆளுக்கு லஸ்கர் என்று பெயர் என்பது டெல்டாவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கரைச் செய்தது யார் என்று அக்னஸுக்குத் தெரிந்துவிட்டது.

ரோஹிணிதான். குழுவின் அட்மின். தஞ்சாவூரில் வங்கி வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே அக்னஸுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது கணவர் அருள்சாமிக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை. அதுவரை நேரில் பார்த்தே இராத ரோஹிணி ஐந்து நாளும் ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டு வந்தாள். தலை பின்னிவிட்டாள். உட்கார்ந்து கயல்விழியின் முந்தைய கதையை வாசித்துக் காட்டினாள். அக்னஸுக்கு அதற்கு முன்னால் அப்படி ஒரு தோழி இருந்ததில்லை.

போன் செய்தாள். ரோஹிணி சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள்.

"கோவமா? விளையாட்டுக்குத்தானே."

"ஆத்துல தண்ணி இருக்காதுதானே ரோஹிணி?"

"யாருக்குத் தெரியாது? எங்க தாத்தாவுக்கு அந்த ஆத்துப் பாசனத்துல பன்னெண்டு வேலி நிலம் இருந்தது. அவ எழுதறா, நாம படிக்கறோம். நீ எதுக்கு நடுவுல போய் நிக்கற?"

அக்னஸ் தான் எழுதியதை அன்றே அழித்தாள். கேலிகள் அப்படியே இருந்தன. கயல்விழி குழுவைப் படிப்பதில்லை. நல்லதாகப் பார்த்துப் பத்து வரிகளை ரோஹிணி பொறுக்கி அனுப்புவாள்.

அதற்குப் பிறகு குழுவில் யாரும் நீளமாக எழுதவில்லை. நாயகியின் மாமியாரைப் பற்றி ஒரு வாரம் சண்டை போட்டவர்கள் இப்போது இதயம் போட்டார்கள். அக்னஸ் எல்லாருக்கும் முந்திக்கொண்டு போட்டாள். 'அருமை' என்று எழுதினாள். அது குறைவாகத் தோன்றியதும் 'அருமை அருமை' என்றாள். அப்படியும் ஏதாவது பேச்சு வந்தால் யாராவது லஸ்கர் அக்காவை இறக்குவார்கள். அவள் சிரிக்கும் முகம் ஒன்று போடுவாள்.

கார்த்திகையில் ரெங்கம்மாள் என்று ஒருவர் சேர்ந்தார். சீர்காழியில் ஓய்வு பெற்ற ஆசிரியை. நாயகி கலெக்டர் வேலையை எதற்கு விட்டாள், புருஷன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று கேட்டார். குழு அமைதியாக இருந்தது. யாராவது தொடங்க வேண்டும்.

அக்னஸ் தொடங்கினாள். 'டீச்சர், கேள்வித்தாள் எத்தனை மார்க்குக்கு?'

சிரிப்பு முகங்கள் ஐம்பதுக்கு மேல் வந்தன. 'லஸ்கர் அக்கா ஷட்டரைத் தூக்கிட்டாங்க' என்று ரோஹிணி எழுதினாள். அதில் பிரியம் இருந்தது. அக்னஸ் அதை அன்று நான்கு முறை படித்தாள்.

தன்னை ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று ரெங்கம்மாள் ரோஹிணிக்குத் தனியாக எழுதியிருக்கிறார். ரோஹிணி அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். 'டீச்சர் அழறாங்க' என்று தலைப்பு. ரெங்கம்மாள் அன்றே விலகினார். யாரும் கூப்பிடவில்லை.

தையில் அக்னஸுக்குக் கயல்விழியிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. 'அக்கா, நீங்க நீடாமங்கலம்னு ரோஹிணி சொன்னாங்க. கதை புத்தகமாகுது. நான் கோயமுத்தூர்ப் பக்கம். உங்க ஊரை ரெண்டு தடவை ரயில்ல தாண்டிப் போனதோட சரி. ஆறு, வயல், மாசம் எதுலயாவது தப்பிருந்தா கூச்சப்படாம சொல்லுங்க. அச்சுக்குப் போயிட்டா மாத்த முடியாது.'

அக்னஸ் எழுதத் தொடங்கினாள். 'நாற்பத்தொன்றில் மட்டும்' என்று வந்ததும் நிறுத்தினாள். இதையும் படம் பிடிப்பார்களா? கயல்விழிக்கு அனுப்பினால் அது ரோஹிணிக்குப் போகும். ரோஹிணியிடமிருந்து எங்கே போகும் என்று பார்த்தாகிவிட்டது. இந்த முறை வெறும் ஸ்டிக்கரோடு போகாது. ரெங்கம்மாளைப் போல ஒரே நாளில் வெளியே நிற்க வேண்டிவரும். பிறகு போன் யாருக்குச் செய்வது.

எழுதியதை அழித்தாள். 'ஒரு குறையும் இல்லை. அருமை அருமை' என்று அனுப்பினாள்.

மாசியில் புத்தகம் வந்தது. முன்னுரையின் கடைசியில் ஒரு வரி: டெல்டாவின் நீரையும் நிலத்தையும் சரிபார்த்துத் தந்த நீடாமங்கலம் அக்னஸ் அக்காவுக்கு.

பங்குனியில் வீடியோ வந்தது. புத்தகங்களைக் கிண்டல் செய்யும் ஒருவன் வெண்ணாற்றின் நடுவில், மணலில், சட்டையோடு குப்புறப் படுத்திருந்தான். ஒரு கையில் புத்தகம். இன்னொரு கையால் நீந்தினான். "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்தினான். ஒரு ஆடு வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டு முன்னுரை வரியை வாசித்தான். "அக்னஸ் அக்கா, எந்த ஆத்துல பாத்தீங்க?" இரண்டு நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள்.

கயல்விழி ஒரே வரி எழுதினாள். 'உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?'

அக்னஸ் குழுவில் பழைய நாளைத் தேடிப் போனாள். அவள் எழுதிய இடத்தில் 'இந்தச் செய்தியை நீங்கள் அழித்துவிட்டீர்கள்' என்றிருந்தது. அதன் கீழே கண்ணீரும் முறையும் கடைமடையும் வரிசையாக இருந்தன. முன்பே சொன்னேன் என்று சொன்னால் ரோஹிணி பெயரைச் சொல்ல வேண்டும். 'மன்னிச்சுக்குங்க. கவனிக்கல' என்று பதில் அனுப்பினாள். கயல்விழி அதைப் படித்தாள்.

மதியம் ரோஹிணி குழுவில் எழுதினாள். 'கயல் மேல ஒரு தப்பும் இல்ல. சரிபார்க்கச் சொன்ன ஆளு சரியா பாக்கல.' தொடர்ந்து புது ஸ்டிக்கர். வேளாங்கண்ணிப் படத்தில் இருந்த அதே முகம், மணலில் நீந்தியது.

அக்னஸ் சிரிக்கும் முகம் போட்டாள். ரோஹிணிக்குப் போன் செய்தாள். மணி அடித்து நின்றது.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது பாலத்தடியில் ஒரு பைக் நின்றது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஒரு கணவனும் மனைவியும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அக்னஸைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அக்கா, ஒரு ரீல்ஸ் எடுக்கணும். கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?"

அக்னஸ் இறங்கிப் போய்ப் போனை வாங்கிக்கொண்டாள். இருவரும் மணலில் குப்புறப் படுத்தார்கள். அந்தப் பெண் தலையைத் தூக்கி, ரெடியா என்று கேட்டாள்.

அக்னஸ் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னாள்.