கசப்புப் பவுடர்

வீட்டுக்குக் கீழேயே பழைய பேப்பர் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்தியதும் மாமனார் தராசுத் தட்டைத் துடைத்து, மேலே போர்வையை மடித்துப் போடுவார். பேரன்கள் இரண்டு பேரையும் அதில் நிறுத்துப் பார்ப்பதென்றால் மொத்தக் குடும்பமும் கூடிவிடும்.

ஒரே மாதத்தில் பிறந்த பிள்ளைகள். பெரிய மருமகளின் பிள்ளை குண்டன். சின்னவளின் பிள்ளை குச்சி. இந்தப் பட்டப்பெயர்கள் இரண்டையும் வைத்தவள் பெரியவளேதான்.

இருவருக்கும் புட்டிப்பால். ஆனால் குச்சிக்குச் சாதாரணப் பால் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை; மலத்தில் ரத்தம் வந்தது. பாலின் புரதத்தை முன்கூட்டியே உடைத்துச் செய்த வேறொரு பவுடரை டாக்டர் எழுதிக்கொடுத்தார். நாக்கில் வைத்தால் கசக்கும், ஊசிப்போன கிழங்கு மாதிரி ஒரு வாடை. பிறந்த சில வாரத்திலேயே பழகிவிட்டதால் குச்சி முகம் சுளிக்காமல் குடிப்பான். வயிறு நிறைந்ததும் தலையைத் திருப்பிக்கொள்வான். இதைக் குடிக்கிற பிள்ளைகளுக்குச் சீக்கிரமே போதுமென்று ஆகிவிடும், எடை நிதானமாகத்தான் ஏறும், அதுவே நல்ல வளர்த்தி, திணிக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெரியவள் இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குண்டன் புட்டியைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டு அழுவதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரிப்பாள். குச்சியைப் பார்த்தால் மட்டும், "காத்தடிச்சா பறந்துடுவான், பேப்பர் கட்டோட சேர்த்துக் கட்டி வை" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சின்னவள் ஒவ்வொன்றையும் மனசில் முடிந்து வைத்துக்கொள்வாள்.

ஒரு வாரம் குச்சி புட்டியை ஒட்ட உறிஞ்சிவிட்டு மறுபடியும் வாயைப் பிளந்தான். வீட்டில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். சின்னவளுக்கும்தான், சனிக்கிழமை காலையில் துணி மாற்றும்வரை. துணியில் திட்டுத் திட்டாக ரத்தம்.

நேரே அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து பவுடரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கசப்பு மங்கித் தித்தித்தது. யார் வேலை என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். உடனே கசப்புப் பவுடருக்கே மாற்று, ரத்தம் அடியோடு நிற்க வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

வந்த வேகத்தில் கேட்டிருக்கலாம். கேட்டால், வீண்பழி போடுகிறாள் என்று பெரியவள் அழுது ஊரைக் கூட்டுவாள்; வீடும் அவள் பக்கம்தான் சாயும். அவள் வாயாலேயே வரவேண்டும். சின்னவள் அந்தத் துணியை அலசாமல் சுருட்டி வைத்தாள். புதிதாக வாங்கி வந்த கசப்புப் பவுடர் டப்பாவை அலமாரியில் பூட்டினாள். புருஷனிடம்கூட மூச்சு விடாமல், சிரித்த முகமாகவே வளைய வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குச்சியைத் தட்டில் வைத்ததும் முள் கூடுதலாகவே நகர்ந்தது. மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. சின்னவள் நிதானமாகத் தூண்டிலைப் போட்டாள்.

"எனக்கே புரியலை மாமா. நான் எதையும் மாத்தலை. யாரோ கைராசிக்காரங்க புட்டியைத் தொட்டிருக்கணும்."

அந்தப் பேர் மாமியாருக்குப் போய்விடுமோ என்று பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. முந்திக்கொண்டாள்.

"வேற யாரு, என் கைதான். குண்டனோட பவுடரை அந்த டப்பாவுல கொட்டிக் கலந்தது நான்தான். டாக்டர் பேச்சையே கேட்டுட்டிருந்தா இந்த எடை வந்திருக்குமா?"

சின்னவள் பிள்ளையைத் தூக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். சுருட்டி வைத்திருந்த துணியை எடுத்து வந்து அதே தட்டில் விரித்தாள்.

"இதையும் நிறுத்துப் பாருங்க மாமா. அக்கா கலந்ததுக்கு வந்த எடை."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவளின் புருஷன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் அங்கேயே பாதியாகிவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இழுத்தாள்.

"நல்லதுன்னா என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருப்பீங்க."

பெரியவள் அழுதுகொண்டே கையைப் பிடித்தாள். சின்னவள் உருவிக்கொண்டாள். பரவாயில்லை என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. ரத்தம் நிற்கிறவரைக்கும் பிள்ளையின் துணியை அக்காதான் துவைக்கணும், மெஷினில் போடாமல் கையால் துவைக்கணும் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பெரியவள் குழாயடியில் குனிந்து கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் படியில் உட்கார்ந்து குச்சிக்குப் பால் புகட்டினாள். அவன் போதுமென்றதும் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அந்த மூலையில இன்னும் போகலை அக்கா," என்றாள். "நல்லாத் தேய்ங்க."